நாற்காலியைத் தொடாமல் நிற்பது

நவம்பர் 6, திங்கள்

நான் பக்கத்தில் இல்லாதபோது ரோஸிலி எப்படிப்பட்டவள்? என் சொந்தத் தங்கையைப் பற்றிய இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்தொன்பது வயதில் அவள் கால்கள் வலுவிழந்தன. அன்றிலிருந்து அவள் போன இடத்துக்கெல்லாம் நானும் போயிருக்கிறேன், சக்கர நாற்காலியைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு. தள்ளுகிறவளுக்கு முகம் தெரியாது.

இன்று மோட்டார் வைத்த நாற்காலி வந்தது. சங்கனாச்சேரியில் ஒரு நன்கொடைக் குழு கொடுத்தது. கைக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். விரலால் சாய்த்த திசையில் போகிறது. பின்சக்கரத்தின் மேல் ஒரு சிவப்புப் பிடி. அதைத் தூக்கினால் மோட்டார் விலகிவிடும், கையால் தள்ளலாம். ஆனால் பிரேக்கும் சேர்ந்து விலகிவிடும். "சரிவுல மட்டும் இதைத் தொடாதீங்க டீச்சர்" என்று கொண்டுவந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரோஸிலி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "விலகு சேச்சி, இடிச்சிருவேன்" என்றாள். இடித்தாள். சிரித்தாள்.

எனக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. விளம்பரப் படங்களில் இந்த நாற்காலிகள் புல்வெளியில் ஓடுகின்றன. எங்கள் வாசலுக்கு வெளியே ஒடுங்கிய சிமென்ட் பாதை. அதற்கு அந்தப் பக்கம் கால்வாய்.

நவம்பர் 9

எனக்குத் தெரியாமல் வேலை பேசி முடித்திருக்கிறாள்! ஆற்றுக்கு அக்கரையில் ஷம்லா நடத்தும் இணைய மையம். ரேஷன் கார்டு, பென்ஷன் விண்ணப்பங்களைப் பதிவு செய்ய ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை முதல்.

"காலேஜுக்குப் போறப்போ நான் கொண்டுவந்து விடறேன்" என்றேன்.

"வேண்டாம்."

"சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன்."

"வேண்டாம்னா ரெண்டு நேரத்துக்கும் வேண்டாம், சேச்சி."

நவம்பர் 11, சனி

பாதையில் ஓட்டிப் பழகினாள். எதிரே வந்த ஒவ்வொருவரும் நாற்காலியில் ஒரு கை வைத்தார்கள். மோட்டார் ஓடும்போது தள்ளினால் அது கோணலாகத் திரும்புகிறது என்று எத்தனை பேருக்குச் சொல்வது? வள்ளம், அதாவது சின்னப் படகு, தள்ளிப் பழகிய ஊர். ஓரத்தில் எது நின்றாலும் கை தானாகப் போய்விடுகிறது. வாத்து மேய்க்கும் வாவச்சனிடம் ரோஸிலி கத்தியே விட்டாள். "சேட்டா, நான் உங்க வாத்து இல்ல, ஓட்டிட்டுப் போக!"

"வாத்துன்னா சொன்ன பேச்சைக் கேக்கும் மோளே" என்றார் அவர். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

நவம்பர் 13

ரோஸிலி உயிரோடு இருக்கிறாள். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

நவம்பர் 14

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆற்றைக் கடக்க எங்களுக்குச் சங்காடம்தான்: இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டது. ஸ்கூட்டர், ஆடு, கல்யாணப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போகும். துறையில் சரிவு. வரக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் நான் தூரத்தில் பலாமரத்தடியில் நின்றேன்.

சரிவின் தலைப்பில் ரோஸிலி நின்றுவிட்டாள். பயந்திருக்கலாம், யோசித்திருக்கலாம். வாவச்சன் வந்தார். தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. சிவப்புப் பிடியைத் தூக்கினார். பிறகு, வள்ளத்தை எப்படித் தள்ளுவாரோ அப்படி — ஒரே தள்ளு, கையை விட்டுவிட்டார். வள்ளம் அப்படித்தானே போகும், தண்ணீர் ஏந்திக்கொள்ளும். இது சிமென்ட். நான் ஓடினேன். ஓடி என்ன? ஐயோ, அவ குமிழைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போறா, நிக்கலையே, நிக்கலையே...

சங்காடக்காரர் சுகதன் தண்ணீரில் குதித்து அவளைத் தூக்கினார். இடது மணிக்கட்டில் வீக்கம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. நாற்காலி தண்ணீருக்குள்.

மாலையில் வாவச்சன் வந்து வாசலிலேயே நின்றார். "நியூட்ரல்ல போட்டா லேசாப் போகும்னு நெனச்சேன் டீச்சர்." நான் திட்டியிருக்க வேண்டும். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

நவம்பர் 19

நெல் காயும் பாயின் ஓரத்தில் நாற்காலியைக் கவிழ்த்து வெயிலில் வைத்திருக்கிறோம். மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது, புதிதாக வரவேண்டும் என்கிறார்கள் நன்கொடைக் குழுவினர். எப்போது? "வந்தா சொல்றோம் மேடம்."

நவம்பர் 24

முன்போலவே அவள் என் கழுத்தில் கை போடுகிறாள், நான் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகிறேன். வேலை பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

டிசம்பர் 2

பெட்டி வந்தது. மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஷம்லா போனில் சொன்னாள்: "திங்கட்கிழமை வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன் டீச்சர், தப்பா நினைக்காதீங்க." இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 3, ஞாயிறு

ரோஸிலி வாவச்சனையும் சுகதனையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஏதோ பஞ்சாயத்து நடப்பதுபோல இருவரும் தின்பண்டத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு என் நாற்காலியை யாரும் தொடக்கூடாது."

"நீ விழுந்தா, மோளே?"

"விழுந்தா தூக்குங்க. விழறதுக்கு முன்னாடி தூக்காதீங்க."

"கை சும்மா இருக்காதே" என்றார் சுகதன்.

"பின்னால கட்டிக்கோங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சேச்சியும்தான்."

அவர்கள் போன பிறகு குமிழில் விரல் வைத்துப் பார்த்தாள். சாய்க்காமலே எடுத்துவிட்டாள். நாளை அவள் போகமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். போகாவிட்டால் என்ன சொல்லித் தேற்றுவது? போனால்?

டிசம்பர் 4, திங்கள்

போனாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சரிவின் தலைப்பில் நின்றாள். வாவச்சன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். ஸ்கூட்டர்காரர் ஒருவர் தெரியாமல் கிட்டே போக, "தொடாதே!" என்று வாவச்சன் போட்ட சத்தத்தில் எல்லாருமே நின்றுவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். கரையிலிருந்து சங்காடத்துக்குப் போட்ட பலகையின் நடுவில் ஒரு சக்கரம் ஓரத்துக்கு விலகியது. சுகதன் கண்ணை மூடிக்கொண்டார். என் நகம் என் உள்ளங்கையிலேயே பதிந்தது. இத்தனை பேர் இருந்தோம், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் பின்னால் எடுத்தாள், நேராக்கினாள், ஏறினாள். சங்காடம் போய்விட்டது. நான் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு, செய்வதற்கு எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டுவதற்கு முன் வந்தாள். உதடு வெடித்திருந்தது. "தண்ணி" என்றாள். சொம்போடு வாங்கி மூச்சுவிடாமல் குடித்தாள்.

"அங்க தண்ணி இல்லையா?"

"இருக்கு. பாத்ரூம்ல படி இருக்கு. அதான் காலைலேருந்து குடிக்கல."

நான் எழுந்தேன். ஷம்லாவுக்குப் போன் செய்து, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு — "சேச்சி, உக்காரு" என்றாள். "நான் அவகிட்ட சொல்லிட்டேன். பாக்கலாம்னு சொன்னா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குடிக்க மாட்டேன்."

சொம்பை நீட்டினாள். மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.