ஹெரால்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

வியாழன், டிசம்பர் 8

ஓசூர். விடியலிலிருந்து பனிமூட்டம். எதிர்வீடு ஒன்பது மணிக்குத்தான் வந்து சேர்ந்தது.

இன்று காலை காபிக்குப் பின் குடும்பம் கூடி, காரின் பின்சீட்டில் பல வருஷமாக விரித்துக் கிடக்கும் துண்டை அகற்றுவது என்று தீர்மானித்தது. முன்மொழிந்தவன் நான். எதிர்ப்பு மனைவி ராஜி ("அடியில இருக்கிற கிழிசல யாரு மறைக்கிறது?"). மகள் வாக்களிக்கவில்லை, பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தீர்மானம் நிறைவேறியது. கிழிசல் எல்லோரும் நினைத்ததைவிடப் பெரிது.

காரணம்: ஞாயிறன்று பள்ளி மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. மகாராஜாக்களின் கார்கள் அல்ல. "ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நின்று, இன்று காணக் கிடைக்காத குடும்பக் கார்கள்" என்கிறது நோட்டீஸ். எங்கள் ஹெரால்டு (பத்திரத்தில் எழுதுகிற மாதிரி, இனி "ஹெ." எனப்படும்) வீட்டுக்கு வீடு நின்றதில்லை. சொந்த ஊரான நாகரசம்பட்டியில் எங்கள் ஒரு வீட்டில்தான் நின்றது. காணக் கிடைக்காது என்பதும் உண்மையில்லை, தினம் அதில்தான் தொழிற்சாலைக்குப் போகிறேன். ஆனாலும் பெயர் கொடுத்தேன்.

பல்பு வாங்க வேண்டும். வலது இண்டிகேட்டர்.

வெள்ளி, டிசம்பர் 9

ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து ஹெ.யைக் கழுவினேன். குளிர். கை மரத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்குமேல் எட்டிப் பார்த்து, "விக்கப் போறீங்களா சார்?" நான் கழுவினால் இந்தக் கேள்விதான் வருகிறது.

இங்கே எழுதி வைப்பது நல்லது, பின்னால் எனக்கே மறக்கலாம். அப்பா போன பின் பாகப்பிரிவினையில் மாந்தோப்பு இரண்டாயிற்று. கிணறு இரண்டாகாமல் சண்டையாயிற்று. காரை அறுக்க முடியாது என்பதால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஜனவரியிலிருந்து ஜூன்வரை அண்ணனுக்கு (மாங்காய்க்கு அலைய வேண்டும்), ஜூலையிலிருந்து டிசம்பர்வரை எனக்கு. ஜனவரி ஒன்றாம் தேதி அண்ணன், அண்ணி, பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். இங்கே சாப்பிடுவார்கள். காரில் திரும்புவார்கள். ஜூலை ஒன்றாம் தேதி நாங்கள் அங்கே போய் அதையே செய்வோம். மற்றபடி போக்குவரத்து இல்லை. பொங்கல், தீபாவளி அவரவர் வீட்டில்.

ராஜி இன்று வாளியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "இந்த வண்டி மட்டும் இல்லன்னா உங்கண்ணன் மூஞ்சி எப்படி இருக்கும்னே நமக்கு மறந்து போயிருக்கும்."

டயருக்குக் கருப்பு பூசினேன்.

சனி, டிசம்பர் 10

தூறல். கழுவியது வீண்.

ஆபீசுக்குக் கண்காட்சிக்காரர்களின் போன். "சார், ஒரே நம்பருக்கு ரெண்டு பேரு ஃபாரம் குடுத்திருக்கீங்க. நாகரசம்பட்டியில இருந்து இன்னொண்ணு வந்திருக்கு."

சாயங்காலம் அண்ணனே பேசினான். இதற்காக எஸ்.டி.டி. பூத்துக்கு வந்திருக்கிறான். அப்பாவின் திதிக்குக்கூட எனக்குக் கார்டுதான் வந்தது.

"என்னடா, நீயும் பேரு குடுத்திருக்கியாமே?"

"டிசம்பர் என்னோட மாசம்ண்ணா."

"ஆர்.சி. புக்கு எம்பேர்ல இருக்குது."

"ஓட்டறது நான்."

"ஓட்டறவன் டிரைவருடா. பேரு இருக்கிறவன்தான் ஓனரு."

ஜனவரியில் அவனே டிரைவர் ஆகிவிடுகிறானே, அது எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். நாளை வருகிறானாம். அண்ணியும் வருகிறாளாம்.

பல்பு கிடைக்கவில்லை.

ஞாயிறு, டிசம்பர் 11

வெயில். ஒழுங்காக எழுத முடியுமா பார்ப்போம். கோபம் இன்னும் தணியவில்லை.

மைதானத்தில் கயிறு கட்டி, கார்களை உள்ளே நிறுத்தி, ஆட்களை வெளியே நிறுத்தினார்கள். என் காரின் கதவைத் திறக்கப் போன என்னைத் தடுத்து ஒரு தொண்டர், "தொடாதீங்க சார், எக்சிபிட்டு." சாவி என் கையில் இருப்பதைக் காட்டினேன். அப்படியும் தொடக்கூடாதாம்.

சிறப்பு விருந்தினர் வராததால் ரிப்பன் வெட்டவில்லை. ரிப்பன் வெட்டாததால் மைக்காரர் "ஹலோ, ஒன், டூ" தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அதை மட்டும் மத்தியானம்வரை சொன்னார்.

காதில் விழுந்தவை:
— "இதுலதான் நாங்க பதினோரு பேரு திருப்பதி போனது." "பதினோரு பேரா?" "திரும்பி வரும்போது பன்னண்டு. மாமாவ ரேணிகுண்டால ஏத்திக்கிட்டோம்."
— "அஞ்சு அம்பாசடர நிக்க வெச்சிட்டு ஷோவாம். இதத்தான் டாக்சி ஸ்டாண்டுல தெனம் பாக்கறனே."
— "அப்பா, இந்தக் காருக்கு ஏசி எங்க இருக்கு?" "கண்ணாடிய எறக்குடா, வரும்."

அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்தான். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் டயரைப் பார்த்தான். "கருப்பு பூசிட்டா மட்டும் ஆயிடுமா?" அண்ணியும் ராஜியும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பேச ஆறு மாதச் செய்தி இருந்தது. ஒன்றாம் தேதிக்கு என்ன கொண்டுவரட்டும் என்று அண்ணி கேட்டது கயிற்றுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

பரிசுக்கான நடுவர் பெங்களூர்க்காரர். அரைக்கை ஸ்வெட்டர், கையில் அட்டை, பென்சில். ஹெ.யின் கண்ணாடியில் ஒட்டியிருந்த இரண்டு பெயர்ச்சீட்டுகளையும் மாறி மாறிப் படித்தார்.

"ஒந்தே காரு, ரெண்டு ஓனரா ஸ்வாமி? யாரு இத நல்லா பாத்துக்கிட்டது?"

இந்தக் கேள்வியை மட்டும் எங்களிடம் கேட்டிருக்கக் கூடாது.

அண்ணன் முந்திக்கொண்டான். "நாந்தாங்க. ரேடியேட்டரு நான் மாத்தனது. அம்பாசடரோடது. இன்னிக்கி வரைக்கும் சூடாவல."

கார்புரேட்டர் என் காலத்தில் என்றேன். பத்மினி காருடையது.

"டைனமோவத் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்நேட்டரு வெச்சது நானு."

"ஸ்டியரிங் நான்."

"பின்னாடி ஸ்பிரிங்கு, ஜீப்போடது. வெட்டிச் சேத்தேன். இவன் மாசத்துல ஒடஞ்சது, எம்மாசத்துல செஞ்சேன்."

"உடைச்சது மாங்கா மூட்டை. என் மாசத்துல ஏது மாங்கா? கியர் பாக்ஸ் யாரு போட்டது, அதையும் சொல்லுண்ணா."

நடுவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, பென்சிலால் ஒரு கோடு போட்டார். எனக்கு விழும் கோடு, அவனுக்கு விழும் கோடு என்று இருவரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு இன்னும் சொன்னோம். ஹாரன், வைப்பர் மோட்டார், முன்சீட்டு, டேஷ்போர்டு. குரல் ஏறியது. மைக்காரரே "ஒன், டூ"வை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

போட்டி விதி நோட்டீஸின் பின்பக்கம் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், பின்பக்கம் திருப்பவில்லை. மாற்றாத பாகத்துக்குத்தான் மார்க். கோடு விழுந்ததெல்லாம் கழிவு.

"பானெட்டு, நாலு டோரு, கண்ணாடி. இஷ்டே, இவ்ளோதான் ஒரிஜினல். மிச்சமெல்லாம் பேற பேற, வேற காரோடது ஸ்வாமி," என்றார் நடுவர். வருத்தமாகத்தான் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர்: "அண்ணந்தம்பி ரெண்டு பேருமே நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. காருதான் மிச்சமில்ல."

சிரிப்பு. அண்ணன் முகம் சிவந்தது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், பேச்சில் மரியாதை. அவரிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறதாம், லாரியில் மோதி முன்பக்கம் போய்விட்டதாம். "என் வண்டிக்கு முகம் மட்டும் இல்ல. உங்க வண்டிக்கு முகம் மட்டும்தான் இருக்கு. குடுத்துட்டீங்கன்னா பிரிச்சு எடுத்துக்குவேன்." நல்ல விலைதான் சொன்னார்.

"குடுத்துடலாம்டா," என்றான் அண்ணன், சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி. "யாருக்கு வேணும் இந்தச் சனியன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "உன் இஷ்டம்" என்று வந்தது.

"எனக்கென்ன. நீதான் ஆபீசுக்குப் போவணும்."

"கம்பெனி பஸ் வருது. நீதான் மாங்காய்க்கு அலையணும்."

"டெம்போ கெடைக்குது."

"அப்புறம் என்ன."

"அப்புறம் என்ன."

அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த மனிதர் பொறுமையாக இருவரையும் பார்த்துவிட்டு முன்பணத்தை நீட்டினார். அண்ணன் வாங்கி என் கையில் வைத்தான். நான் அவன் கையில் வைத்தேன். கடைசியில் ராஜி எழுந்து வந்து, "என்ன இது?" என்று வாங்கிப் பைக்குள் போட்டாள்.

விருந்தினர் சாயங்காலம் வந்து ரிப்பன் வெட்டினார். முதல் பரிசு ஒரு மைனர் காருக்கு. ஒன்றையும் மாற்றாத கார். ஓடாது, தள்ளித்தான் கொண்டுவந்தார்கள்.

செவ்வாய், டிசம்பர் 13

ராஜியிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம்: "ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் வாய் இருந்திருக்கலாம்." மகள்: "பெரியப்பாவுக்குக் கார்டு போட்டு வேண்டாம்னு சொல்லுங்கப்பா." அவன் சொல்லட்டுமே என்றேன். அங்கே அண்ணியும் இதே பதிலைக் கேட்டிருப்பாள்.

தலைவலி. மாத்திரை.

வெள்ளி, டிசம்பர் 16

கையெழுத்துப் போட அண்ணன் நேரில் வருவான் என்று அரைநாள் லீவு போட்டிருந்தேன். ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்திட்ட தாளையும் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டான். உறைமேல் என் பெயர், இனிஷியல் உட்பட.

ஞாயிறு, டிசம்பர் 18

ஸ்க்ரூ டிரைவர்க்காரர் காலையில் வந்து ஹெ.யை எடுத்துப்போனார். குளிரில் பத்துத் தடவையாவது இழுக்க வைக்கும், இன்று முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட். தெருமுனையில் வலது பக்கம் திரும்பினார், கையை வெளியே நீட்டிக் காட்டியபடி.

பக்கத்து வீட்டுக்காரர்: "அன்னிக்கே கேட்டனே சார், விக்கப் போறேன்னு சொல்லலியே!"

வியாழன், டிசம்பர் 29

கம்பெனி பஸ் எட்டேகாலுக்கு. நின்றுகொண்டு வந்தேன்.

ஞாயிறு, ஜனவரி 1

பனி. புது டைரி இன்னும் வாங்கவில்லை, இது பழையதன் கடைசிப் பக்கம். பேப்பர் வரவில்லை.

ராஜி எப்போதும் ஒன்றாம் தேதிக்குப் போடுகிற அளவுக்கே அரிசி போட்டுவிட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.