சத்தமில்லாமல் விழுந்த தண்ணீர்

ஏலே,

உன்னை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து உன் முகம் மாறிவிடும். அதனால் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகும் ஏலேதான்.

போன வாரம் குற்றாலத்தில் உன் வருஷத் திதி நடந்தது. நல்ல சாரல். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொடாமல், பயமில்லாமல் குளிக்கிற அளவுக்கு விழுந்துகொண்டிருந்தது. உன் மகன் கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அதற்கு முன்பே நான் அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டபடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது துப்புரவு ஆள் ஒருவர் உடை மாற்றும் அறைப் பக்கம் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவினார். எண்ணெய் வாடை, ஈரத்துணி வாடை, சிப்ஸ் கடை வாடை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த வாடை மூக்கில் ஏறியது. துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற உன் மச்சினன், நான் உன்னை நினைத்து அழுகிறேன் என்று தோளைப் பிடித்துக்கொண்டான். அதுவும்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் குற்றாலத்திலேயே இல்லை.

அந்தத் தீவில் இருந்தேன். பூமி ஆடி, அது நின்று மூச்சு விடுவதற்குள் கடலும் ஏறி வந்து வழித்துவிட்டுப் போன அந்த ஊரில். அதன் பெயரை நீ கடைசிவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ‘அந்த ஊரு’ என்பாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் பட்டாள யூனிட்டிலிருந்து தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நம்மை அனுப்பினார்கள். மேட்டில் ஒரு பள்ளிக்கூடம். அதன் மைதானம் முழுக்கக் கூடாரம். ஒரு நாட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி போட்டிருந்தார்கள். ஒரு நாட்டுக்காரர்கள் இடிபாட்டுக்குள் ஆள் தேட நாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கடலில் இன்னொரு நாட்டின் ஆஸ்பத்திரிக் கப்பல் நின்றது. எங்கேயோ குளிர் தேசத்திலிருந்து தடித்தடியாகக் கம்பளி வந்து இறங்கியது. அந்த வெக்கையில் கம்பளியை வைத்து என்ன செய்ய என்று நான் சிரித்தேன். மறுநாள் பார்த்தால் ஜனங்கள் அதை ஈரத் தரையில் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். “பல்லக் காட்டுனியே, இப்ப பாருலே” என்றாய் நீ.

நம் வேலை ஆற்றுத் தண்ணீரை இழுத்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து கொடுப்பது. அந்த வாடை நம் சட்டையிலும் சோற்றிலும் ஏறிவிட்டது. நீ குற்றாலத்துக்காரன். குழாயைத் திறந்தால் மூட மனம் வராது. நான் ஆலங்குளத்தான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன். ஒரு சொட்டு சிந்தினாலும் வயிறு எரியும். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதை வைத்துத்தான் நமக்குள் சண்டை. நீ குளிக்கப் போனால் நான் வெளியே நின்று, “அருவி இன்னைக்கு நிக்குமா, நாளைக்கு நிக்குமா?” என்று கத்துவேன். “ஆலங்குளத்தானுக்குக் குளிக்கதுன்னா மூஞ்சி கழுவுதது” என்று உள்ளிருந்து பதில் வரும்.

அங்கே தினமும் காலையில் அந்த அக்கா வருவாள். ஐம்பது வயது இருக்கும். புருஷனும் வீடும் ஒரே மதியத்தில் போய்விட்டதாக, முகாமில் இங்கிலீஷ் தெரிந்த அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். நம்மிடம் தண்ணீர் பிடிக்க வரும்போது இலையில் அவித்த கிழங்கு கொண்டுவருவாள். நீ ஒரு வாய் தின்றுவிட்டு, “ஏலே, மரச்சீனிடா! செங்கோட்டை ரோட்டுல விக்கிதானுவள்லா, அதேதான்” என்று குதித்தாய். அவளுக்கு உன் பாஷை புரியாது. ஆனாலும் நீ குதித்ததைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த முகாமில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

ஆஸ்பத்திரிக் கூடாரத்து டாக்டரம்மாதான் மாலைக் கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுத்தாள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது, குளிக்கத்தான் வழியில்லை, ஜனங்களுக்கு உடம்பெல்லாம் சொறி வைக்கிறது என்றாள். அன்று உன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். “அருவி கட்டிருவோம்லே. ஒரு குளியல் போட்டான்னா மனுசன் எந்திச்சிருவான்” என்றாய். மைதானத்துச் சுவரின் மேலே தொட்டியை ஏற்றினோம். பெரிய குழாயை நீட்டிவிட்டோம். கீழே சேறாகக் கூடாது என்று, விழுந்து கிடந்த கூரைத் தகரங்களைப் பொறுக்கிவந்து விரித்தோம். இரண்டு நாள் வேலை. நீ விசிலடித்துக்கொண்டே செய்தாய்.

இப்போது எழுதப் போவதை உனக்குத் தவிர யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. நான் மேலே வால்வுப் பக்கம். நீ கீழே தகரத்தின் மேல் நின்று குழாயின் வாயை நிமிர்த்திக்கொண்டிருந்தாய். “வாத்தியார் போயி ஜனங்கள்ட்ட சொல்லிட்டு வரட்டும். நான் கை காட்டுன பொறவு தொற. மெள்ளத் தொற, என்ன?” என்று இரண்டு தரம் சொன்னாய். நான் சரி என்றேன். வாத்தியார் இன்னும் முதல் கூடாரத்தைக்கூடத் தாண்டவில்லை. நீ குழாய்க்கு நேர் கீழே நிற்பதைப் பார்த்தேன். உன்னை நனைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. “இந்தா, ஒன் குத்தாலம்!” என்று சொல்லி வால்வை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டேன்.

நீ ஒரு நொடி சிரித்தாய். தலையில் தண்ணீர் கொட்ட, அண்ணாந்து என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாய். தண்ணீர் தகரத்தில் அடித்த சத்தம் சுவரில் மோதி மைதானம் முழுக்க இரைந்தது. நமக்கு அது அருவிச் சத்தம். அவர்களுக்கு அது எதன் சத்தம் என்று, அந்த ஓலம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கூடாரம் கூடாரமாக ஜனங்கள் பிய்த்துக்கொண்டு இன்னும் உயரத்தைப் பார்த்து ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். நீ, “மூடுலே! மூடுலே!” என்று கத்தினாய். என் கை வால்வைப் பிடித்தபடி மரத்துப்போய் இருந்தது. நீதான் ஏறி வந்து மூடினாய்.

அந்த அக்கா படிக்கட்டில் விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் கிழங்கு சிதறிக் கிடந்தது. டாக்டரம்மா அவளை ஹெலிகாப்டரில் கப்பலுக்கு அனுப்பினாள். தூக்குப் படுக்கையின் ஒரு முனையை நீ பிடித்திருந்தாய், ஈரம் சொட்டச் சொட்ட. அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மேஜர் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். யார் திறந்தது? நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஓர் அடி முன்னால் வைத்து, “மைனே கோலா, சாப்” என்று, திறந்தது நீதான் என இந்தியில் சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அப்புறம் கூடாரத்துக்குப் பின்னால் உன் சட்டையைப் பிடித்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் மாட்டி என்ன செய்ய? அருவி யோசனை என்னுதுதான? வாயப் பொத்திட்டுப் போலே” என்றாய். நான் பொத்திக்கொண்டேன். நீ சொல்லியா பொத்தினேன்? எனக்கும் அதுதானே வசதியாக இருந்தது. உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எனக்கு வந்தது. நீ ஹவில்தாராகவே வீட்டுக்கு வந்தாய். நான் நாயிப் சுபேதார். ஆலங்குளத்தில் என் வீட்டுப் பலகையில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் தண்ணீருக்கு யாருமே வரவில்லை. தாகத்தோடு கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கேனில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே பிள்ளைகள் அழுததாக வாத்தியார் சொன்னார். நீ யாரையும் கேட்காமல் குழாயடியில் போய்க் குந்தினாய். குழாய்க்கு அடியில் உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்தாய். தண்ணீர் உன் கையில் விழுந்து, விரல் வழியாக வழிந்து, கேனின் ஓரமாகச் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு கேனை அப்படி நிறைத்து நீயே கொண்டுபோய் ஒரு கூடாரத்து வாசலில் வைத்தாய். மதியத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். சாயங்காலம் வரிசை நின்றது. நாம் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் ஒவ்வொரு கேனையும் அப்படியே பிடித்துக் கொடுத்தாய். குளோரினில் உன் கை வெளுத்து, தோல் உரிந்து, வெடித்து ரத்தம் கசிந்தது. மாற்றிவிடுகிறேன் என்று நான் வந்தால், “நீ பம்பப் பாரு” என்பாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கப்பல் ஒரு நாள் போய்விட்டது. அந்த அக்கா கப்பலோடு போனாளா, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கினார்களா, மாலைக் கூட்டத்தில் எத்தனை நாட்டுக்காரர்களிடம் கேட்டாய்! ஆளுக்கொரு காகிதத்தைப் புரட்டினார்கள். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. அவரவர் வந்த வேலையைச் செய்தார்கள், முடிந்ததும் கிளம்பினார்கள். நாமும்தானே கிளம்பினோம். உதவிக்குப் போகிறவனுக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். வாத்தியார் விலாசம் எழுதிக் கொடுத்தார். நீ ஊருக்கு வந்து இரண்டு மடல் போட்டாய். பதில் இல்லை.

அதற்குப் பிறகு நாம் எங்கே பார்த்துக்கொண்டாலும், தென்காசி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தாலும், பண்பொழி மலையேறிக் குமாரசாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினாலும், கடைசியில் ஒன்று கேட்பாய். “அந்த அக்காளப் பத்தி ஏதும் தெரிஞ்சிதாலே?” எனக்கு எப்படித் தெரியும்? நான் பேச்சை மாற்றுவேன். பென்ஷன், முட்டுவலி, மழை என்று எதையாவது எடுத்துப் போடுவேன். நீ விட்டுவிடுவாய். நெஞ்சுவலி என்று உன்னைச் சேர்த்திருந்தபோது வந்து பார்த்தேனே, அன்றும் கேட்டாய். அன்றும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

திதி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். உன் வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து காய்ந்த துண்டு ஒன்றை நீட்டினாள்.

“தலைய நல்லாத் துவட்டுங்க அண்ணாச்சி, சளி புடிச்சிரும்” என்றாள். அப்புறம் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவிய இதுல குளிச்சி எத்தன வருசம் ஆச்சி தெரியுமா? அந்த ஊருக்குப் போயிட்டு வந்தாவள்லா, அதோட சரி. வாசல்லயே அருவிய வச்சிக்கிட்டு வாளித் தண்ணியில குளிப்பாவ. அதையும் கொழாய்க்கு அடியில கைய வச்சித்தான் புடிப்பாவ. கேட்டா, நான் அவசரப்பட்டுத் தொறந்துட்டேன், ஒரு பொம்பள விழுந்துட்டான்னு சொல்லுவாவ.”

உன் வீட்டுக்காரியிடமும் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். அடப்பாவி, கட்டினவளிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே நீ.

பிளீச்சிங் வாடை இன்னும் மூக்கில் இருந்தது. “அவன் தொறக்கலம்மா” என்றேன். “தொறந்தது நான். வெளையாட்டுக்குத் தொறந்தேன். அவன் என்னையக் காப்பாத்துனான்.”

அவள் வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரம் சொட்டுகிற என் தலையையும், கையில் இருந்த துண்டையும், அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்த தண்ணீரையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல் கேட்டாள்:

“அப்பம் நீங்க மட்டும் எப்படி அண்ணாச்சி, வருசா வருசம் வந்து இதுல குளிச்சிய?”

ஏலே, சத்தியமாக நான் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சாரல் விழுந்தது என்று கேள்விப்பட்டால் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எண்ணெய் தேய்த்து, ஆசை தீர நின்றுவிட்டுப் போயிருக்கிறேன். உன் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன். நீ வெளியே நின்று என் சட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வாய். உனக்கு வயதாகிவிட்டது என்று கேலி செய்திருக்கிறேன்.

அவளிடம் வாத்தியாரின் விலாசத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். உன் டிரங்குப் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. இனி நீ கேட்க முடியாது. அதனால் அந்த அக்கா எழுந்து நடந்தாளா என்று நான் கேட்டு எழுதியிருக்கிறேன். இங்கே கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கை தானாக அடியில் போய்விடுகிறது. சொட்டுகூடச் சிந்துவதில்லை, சத்தமும் இல்லை.

மடல் இன்றைக்குத் தபாலில் போய்விட்டது. அந்த வாத்தியார் இருக்கிறாரோ, இல்லையோ. முதல் வரியில் வால்வைத் திறந்தது நான் என்று எழுதி, என் பெயரைப் போட்டிருக்கிறேன்.