நான்கு விரல் கீழே நின்ற லிஃப்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மானம் கப்பலேறியது. போன வாரம் கம்பைலர் (நாங்கள் எழுதும் நிரலை இயந்திர வரிகளாகப் பெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள்) செய்கிறவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிப் போட்டிருந்தேன். உங்கள் கம்பைலர் என் நிரலில் ஒரு வரியை விழுங்கிவிட்டது, உடனே கவனிக்கவும் என்று. எழுதியதோடு நிற்காமல் அலுவலகம் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். பதில் இரண்டே வரியில் வந்தது. கம்பைலர் விழுங்கவில்லையாம், ‘வோலடைல்’ என்று ஒரு சொல்லை நான்தான் போட மறந்திருக்கிறேன். ‘இந்த இடத்தில் உள்ள எண் தானாக மாறும், ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்’ என்று கம்பைலருக்குச் சொல்கிற சொல் அது. சொல்லாவிட்டால், ஒரு தடவை பார்த்ததே போதும் என்று அது இருந்துவிடும். நானாக இருந்தாலும் இருந்துவிடுவேன்.

மேலாளர் அதைப் பெரிய திரையில் போட்டு வாசித்தார். சோதனை பார்க்கிற பையன் (யாரையும் நம்ப மாட்டான், அதனால் எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுகிறோம்) எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்: “அண்ணே, இனிமே காபி ஆறிப்போனாலும் கம்பைலருக்கு எழுதிப் போட்டுடலாமா?”

சிரித்தேன். வேறென்ன செய்ய.

மார்ச் 6, வியாழன்

மகள் எழுதிய முதல் மாற்றத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அவளுக்கு வேலை அதே கம்பைலரைச் செய்கிற இடத்தில்தான். என் கடிதம் அவளுக்குப் பக்கத்து மேஜைக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேச்செடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆசையாக விளக்கினாள். பிராசசர் ஒரு வேலையில் இருக்கும்போது அவசரமாக வேறொன்று கூப்பிட்டால், கையில் இருப்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் அதே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் வைத்து எடுப்பது வீண் நேரம். எது தேவையோ அதை மட்டும் வைத்தால் போதும் என்று மாற்றியிருக்கிறாள். இழுத்துப் பறித்து டிப்ளமோ முடித்தவனுக்கே புரிகிற மாதிரி சொன்னாள். அடுத்த பதிப்பில் அது வருகிறது. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இது ஒன்று போதும் என்கிறாள் அவள் அம்மா.

அலுவலகத்தில் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாங்கியதே இன்னும் ஆறவில்லை.

மார்ச் 13, வியாழன்

புதிய பதிப்பு வந்துவிட்டது. லிஃப்டை ஓட்டும் எங்கள் புதுப் பலகையில் இருக்கிற சிப்புக்கு இதுதான் சரிப்படும். கெர்னல் முழுவதையும் அதில் மறுபடி கட்டினேன். கெர்னல் என்றால் பலகையின் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நிரல். கதவு, மோட்டார், பொத்தான் என்று எல்லா வேலைக்கும் முறை பிரித்துக் கொடுப்பது அதுதான். நன்றாக ஓடியது. சோதனைக் கூண்டு ஏறி இறங்கியது. நான் வழக்கம்போலப் படியில் இறங்கினேன். லிஃப்டுக்குக் கெர்னல் எழுதுகிறவன் லிஃப்டில் ஏற மாட்டான் என்பது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தவன் எப்படி ஏறுவான்?

மார்ச் 14, வெள்ளி

மூன்றாம் மாடியில் கூண்டு தளத்துக்கு நான்கு விரல் கீழே நின்றது. சந்தேகம் கால் இடறி, கையிலிருந்த டப்பாவோடு விழப் பார்த்தான். மறுபடி ஓட்டினால் சரியாக நிற்கிறது.

“கம்பைலர்தானே அண்ணே?”

“இல்லப்பா, நான்தான்.” முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

வோலடைல் போடவேண்டிய இடமெல்லாம் போட்டாச்சு. போடவேண்டாத இடத்திலும் போட்டாச்சு. நான்கு விரல் அப்படியே இருக்கிறது, அதுவும் எப்போதாவதுதான். என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவே ஒரு வரி அச்சிடச் சொன்னால், நல்ல பிள்ளையாகச் சரியான இடத்தில் நிற்கிறது. வரியை எடுத்தால் மறுபடி கீழே. வாத்தியார் தலை தெரியும்வரை ஒழுங்காக எழுதுகிற பிள்ளைகள் மாதிரி. நானும் அந்த வகைதான், அதனால் கோபம் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கம்பைலர் பெயர்த்துக் கொடுத்த இயந்திர வரிகளைத் தாளில் எடுத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கூண்டு தளத்தை எட்டியதும் உணரி (சென்சார்) கூப்பிடுகிறது. பிராசசர் போகிறது. போகும்போது கையில் இருந்ததை ஓரமாக வைக்கிறது. ஆனால் போன இடத்தில் இன்னொரு சின்ன வேலையைக் கூப்பிடுகிறது. அந்தச் சின்ன வேலை கையில் எடுப்பதை மட்டும் கம்பைலர் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்பி வரும்போது கூண்டின் உயரத்தை வைத்திருந்த இடத்தில் வேறு எண் இருக்கிறது.

இந்தத் தடவை தப்பு என்மேல் இல்லை. எத்தனை நாளாக இந்த வரியை எழுத ஆசைப்பட்டேன். எழுதியும் விட்டேன். சந்தோஷம்தான் வரவில்லை.

எது தேவையோ அதை மட்டும் வைத்தால் போதும். சாப்பாட்டு மேஜையில் இதைத்தானே சொன்னாள்?

மார்ச் 19, புதன்

எங்கள் லிஃப்டுக்குத் தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டுவிட்டேன். அந்த இடத்தைக் கம்பைலரிடம் விடாமல், எல்லாவற்றையும் வைத்து எடுக்கும்படி இயந்திர வரியிலேயே கையால் எழுதினேன். நாள் முழுக்க ஓட்டியும் கூண்டு நூல் பிடித்த மாதிரி நின்றது. எங்கள் வழக்கப்படி கட்டுக்கு மேலே காரணத்தையும், எப்போது அவிழ்க்கலாம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். ‘கம்பைலர் சரியானதும் எடுக்கவும்’ என்று எழுதினேன். மேலாளர் இம்முறை தானே வரிவரியாகப் பார்த்து, “இது நிஜமாவே அவங்க தப்புதான். எழுதிப் போட்டுடுங்க” என்றார்.

இப்படியே விட்டுவிடலாமா? எங்கள் லிஃப்ட் சரியாக நிற்கிறது. மகளுக்கு வேலை நிரந்தரமாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இதே கம்பைலரால் என்னென்னவோ கட்டுகிறார்கள். என் லிஃப்டாவது நான்கு விரலோடு நிறுத்திக்கொண்டது.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மாத்திரை மாத்திக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா நாங்க அவங்க வீட்டுக்கே ஓடுவோம். சம்பள உயர்வு வரட்டும்னு உக்காந்திருக்க மாட்டோம்.”

“அப்ப எழுதிப் போட்டுடவா?”

“பெத்த பொண்ணு தப்பை ஊருக்கு எழுதிட்டுத்தான் வீட்டுக்குச் சொல்லுவீங்களா? முதல்ல அவகிட்ட குடுங்க.”

மார்ச் 20, வியாழன்

தப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் நிரலைச் சுருக்கினேன். ஒரே தாளில் அடங்கியது. சாப்பிடும்போது அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இதைக் கொஞ்சம் பாரேன்மா.”

“வோலடைல் போட்டீங்களா?” தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒப்பந்தம் காற்றில் பறந்தது.

“போட்டாச்சு.”

“அப்பா, கம்பைலர் தப்புன்னு வர்றதுல முக்கால்வாசி எழுதினவங்க தப்புதான். நாங்க தினம் பாக்கறோம்.”

“அந்த முக்கால்வாசிக்கு நானும் சந்தா கட்டியிருக்கேனே.”

சிரித்தாள். “உங்க பேரைச் சொன்னாலே பக்கத்து சீட்டுக்காரர் பதிலை ரெடியா வச்சிருக்கார்.”

“மிச்சம் கால்வாசியில எனக்கும் ஒண்ணு கிடைக்கக்கூடாதா. பாரு.”

பார்த்தாள். விரல் தாளில் இறங்கியது, நின்றது, மேலே போய் மறுபடி இறங்கியது. சிரிப்பு எப்போது போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “என்னோடதுதான்ப்பா.”

“எது?” எனக்கு நடிக்க வராது. பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னபோதே அசைந்தவன்.

“அந்த மாத்தம். நான் எழுதினது. இன்னிக்கு நானே போய் சொல்லிடறேன். நீங்க தனியா எழுதாதீங்க.”

“சரிம்மா.”

“யாரோடதுன்னு உங்க ஆபீஸ்ல தெரியுமா?”

“ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது.”

அந்த ‘யாருக்கும்’ என்பதில் நானும் சேர்த்தியா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

மகளின் மாற்றத்தைக் கம்பைலரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டார்கள். நிரந்தரம் தள்ளிப்போகிறது. தப்பு செய்ததற்காக இல்லையாம், தக்க சோதனை எழுதாமல் போட்டதற்காகவாம். அவள் குழுத் தலைவி முகத்துக்கு நேரே சொன்னாளாம். தானாக வந்து சொன்னதற்கு நன்றியும் சொன்னாளாம். “நன்றியை வச்சு என்னப்பா பண்றது?” என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் போய் மூடச் சொல்லவில்லை.

நான் பேசாமல் எழுதியே போட்டிருக்கலாமோ? இல்லை, எழுதாமலே இருந்திருக்கலாமோ? ச்சே. என்ன மனுஷன்டா நீ.

ஏப்ரல் 2, புதன்

பேசுகிறாள். உப்பு கேட்டாள்.

ஏப்ரல் 19, சனி

மறுபடி முதலிலிருந்து எழுதுகிறாளாம். “உங்க தாளை சோதனையில சேத்துக்கலாமா?” என்று கேட்டாள். தாராளமாக என்றேன். அந்தச் சோதனைக்கு ‘நான்கு விரல்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். இனி யார் கம்பைலரில் கைவைத்தாலும் முதலில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மே 19, திங்கள்

அவள் திரும்ப எழுதிய மாற்றத்தோடு புதிய பதிப்பு வந்தது. வேலை நிரந்தரமாவது பற்றி இன்னும் பேச்சில்லை.

கட்டை எடுக்கப்போகிறேன் என்றேன். சந்தேகம் தடுத்தான். “இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே, சோறா கேக்குது?” மேலாளரும் அவசரமில்லை என்றார். ‘கம்பைலர் சரியானதும் எடுக்கவும்’ என்று எழுதியவன் நான்தானே என்று சொல்லி எடுத்துவிட்டேன். நாள் முழுக்க ஆள் ஏற்றாமல் ஓட்டினோம். எல்லா மாடியிலும் கூண்டு தளத்தோடு தளமாக நின்றது.

மே 20, செவ்வாய்

மகள் மதியம் போன் செய்தாள். “கட்டை எடுத்துட்டீங்களாமே, அம்மா சொன்னாங்க. அவ்வளவு அவசரமா?”

“எங்க வழக்கம்மா அது. எடுத்தாகணும்.”

“பயமா இல்லையா?”

“எனக்கென்ன பயம், நான் படியில போற ஆளு.”

“அதானே,” என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை.

யாரும் வருவதற்கு முன்பே இன்று காலையில் போய், கூண்டில் ஏறி நின்று மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்திய முதல் ஆள் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.