ஓரத்துச் சுருள்கள் மூன்று

ஞாயிறு, காலை பத்தரை மணி

என் அன்புக்குரிய கலெக்டரம்மாவுக்கு,

உன் கண்ணாடிக்காரன் எழுதுவது. நான் நலம், உன் அப்பாவும் நலம். இந்த இரண்டாவது செய்தியை இத்தனை நாளும் வாய் கூசாமல் பொய்யாகச் சொல்லிவந்தேன். இன்றைக்குத்தான் உண்மையாக எழுதுகிறேன். உன் அப்பா சாப்பிட்டார்! நம் வீட்டு அடுப்படியில், நான் செய்ததை, வாய் நிறையச் சாப்பிட்டார்! கையில் இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது. காகிதத்தில் வெள்ளை வெள்ளையாக இருந்தால் அதுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் ஹாலில் தும்மினால் உள் அறையில் கேட்கும். அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது? அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் ‘வெளுத்துக் கட்டுறாரு’ என்று சொல்லி வைத்தேன். நீ ஏமாறவில்லை. அப்பாவின் குரல் இளைத்துக் கேட்கிறது, நர்ஸ் மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடவா என்று நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவதென்று நேற்றுவரை எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிந்துவிட்டது. முழுக்கச் சொல்லிவிடுகிறேன், கேள்.

அவர் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நீ படிப்பை விட்டு வர முடியாததால் நான் போய் நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன் இல்லையா? வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நம் கல்யாணத்துக்கு வராத மனுஷன், ஏழு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், நான் தள்ளுகிற சக்கர நாற்காலியில் வர வேண்டியதாகிவிட்டது. வந்த பிறகும் பேச்சு கிடையாது. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, ‘வெந்நீர் கிடைச்சா குளிக்கலாம்’ என்பார். நானும் சுவருக்குப் பதில் சொல்வேன். நம் சுவர் இந்த இரண்டு மாதத்தில் கேட்ட சங்கதிகளை வைத்து ஒரு புத்தகமே எழுதலாம்.

பேசாவிட்டால் போகட்டும், சாப்பிடவும் இல்லை. காலையில் ஒரு டீ, ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு. நான் எது சமைத்து வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். நீ நர்ஸ். அந்த எலும்பு மாத்திரையை அரை வயிற்றில் போட்டால் என்ன ஆகுமென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஐந்து கிலோ இறங்கிவிட்டார். இப்படியே போனால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் சமையல் பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா என்று புரியாமல் தவித்தேன்.

துப்புக் கொடுத்தது அவருக்குக் கால் பயிற்சி கொடுக்க வரும் அம்மாதான். போன செவ்வாய்க்கிழமை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ரகசியமாகச் சொன்னார்: “உங்க மாமனார் என் டிபன் டப்பாவைக் காலி பண்ணிட்டாருங்க. சின்னமன் ரோல், பட்டை போட்டுச் சுருட்டின பன்னுங்க, ரெண்டு வச்சிருந்தேன். ஒண்ணு எடுத்துக்குங்கன்னேன், ரெண்டும் போச்சு!” எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டேன். “ரொம்ப ஈஸிங்க, பொழுது விடிஞ்சு எழுந்து செஞ்சாலே காலை டிபனுக்கு ஆயிடும்” என்று சொல்லி, அடுத்த வருகைக்கான சீட்டின் பின்புறமே எழுதிக் கொடுத்தார்.

அந்த ஈஸியை நான் என்ன பாடு படுத்தினேன் தெரியுமா? முதலில் ஓவனைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நீ அதற்குள் மூடிகளாக அடுக்கி வைத்திருந்தாய். பாத்திரமே இல்லாத மூடிகள்! எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பதால்தானே உனக்குக் கலெக்டரம்மா என்று பெயர் வைத்தேன். வெள்ளிக்கிழமை முதல் முயற்சி. பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஈஸ்ட் அந்த நிமிஷமே உயிரை விட்டுவிட்டது. மாவு எழும்பவே இல்லை. எப்படியும் வெந்தால் சரியாகிவிடும் என்று உள்ளே தள்ளினேன். வந்தவை ரோல் இல்லை, கூழாங்கல். உன் அப்பா ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் வந்தது. சுவரைப் பார்த்துக்கூட ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வராத குறை.

இன்று விடிந்ததும் திரும்பத் தொடங்கினேன். பாலை மணிக்கட்டில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்தேன். சர்க்கரை போட்டு ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிஷம் வைத்தால், மேலே நுரை பொங்கிக்கொண்டு வருகிறது! மூன்று கப் மைதா, வெண்ணெய், துளி உப்பு. பிசைந்து மூடி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால் மாவு இரண்டு மடங்காகி நிற்கிறது. விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. தனியாக நின்று கைதட்டினேன். பிறகு செவ்வகமாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, பாய் மாதிரி சுருட்டினேன். கத்தியால் வெட்டினால் நசுங்கிவிடும் என்று உன் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்துச் சுற்றி இழுத்து அறுத்தேன். பன்னிரண்டு துண்டு, ஒன்றுக்கொன்று மில்லிமீட்டர் பிசகாது. கண்ணாடிக்கடையில் அளந்து அறுத்துப் பழகிய கை வீண்போகவில்லை. அரை மணி நேரம் மறுபடி உப்ப விட்டு ஓவனில் வைத்தேன்.

இருபது நிமிஷம் ஆகுமே, அதற்குள் துணியைக் காயப்போடலாம் என்று வாளியோடு மொட்டை மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால், காற்றில் கதவு சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. சாவி உள்ளே. போன் உள்ளே. ரோலும் உள்ளே! வாசம் கதவிடுக்கு வழியாக வெளியே வருகிறது. பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து அப்படி ஒரு வாசம். இன்னும் ஐந்தே நிமிஷத்தில் அது கருகல் வாசமாகப் போகிறது. உள்ளே இருப்பவர் ஒரே ஒருவர். ஏழு வருஷத்தில் நான் அவரைப் பெயருக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

கதவைத் தட்டி, ‘மாமா!’ என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் பிடித்து நடக்கும் வாக்கர் டக் டக்கென்று வரும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

“கதவா, ஓவனா? ஏதாவது ஒண்ணு சொல்லு, ரெண்டுக்கும் ஒரே நேரத்துல ஓட எனக்குக் காலு இல்ல.”

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். நான், “ஓவன் மாமா, ஓவன்! துணி வச்சுப் பிடிங்க, சுடும்!” என்றேன். டக் டக் தள்ளிப் போனது. ஓவன் கதவு திறக்கும் சத்தம், தட்டு மேஜையில் உட்காரும் சத்தம். அப்பாடா என்றிருந்தது. இனி வந்து கதவைத் திறப்பார் என்று நின்றேன். ஆளையே காணோம். விழுந்துவிட்டாரோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். ‘இரு, இரு’ என்று ஒரு குரல், வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு. காலி வாளியும் கையுமாகப் பத்து நிமிஷம் நின்றேன்.

கதவு திறந்தபோது மீசையில் சர்க்கரை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: “நடுவுல இருக்கிறது இன்னும் வேகல. ஓரத்துல இருந்த மூணும் சரியா இருந்துச்சு.”

இருந்துச்சு! அந்த மூன்றும் தட்டில் இல்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மீதியைத் திரும்ப ஓவனில் வைத்தேன். முதல் முறையாக அவர் அடுப்படி முக்காலியிலேயே உட்கார்ந்தார். மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு ஓவன் கண்ணாடியைப் பார்த்தபடி, தான் சாப்பிடாததை உன்னிடம் சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றேன். அவர் மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்தார். அதன்பிறகு சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன், எனக்கு அதை மாற்றி எழுதத் தெரியவில்லை.

“கோவம்னு நெனச்சியா? கூச்சம்ப்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் கையால வாங்கித் தின்பேன்? இதை யாரும் பரிமாறல. நானே எடுத்தேன். அதான் உள்ள போச்சு.”

ஏழு வருஷம் நான் கோபம் என்று நினைத்து ஒதுங்கி நின்றிருக்கிறேன். இன்னொன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு தட்டையே அவர் பக்கம் வைத்துவிட்டேன், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று.

இப்போது தெம்பாக உட்கார்ந்து அடுத்த ஞாயிற்றுக்கு யோசனை சொல்கிறார். ரயில் ஓட்டியவர் இல்லையா, எல்லாவற்றுக்கும் நேர அட்டவணை. ஆறு மணிக்கு மாவு, ஏழேகாலுக்குச் சுருட்டல், எட்டுக்கு ஓவன். உள்ளே பட்டைக்குப் பதில் ஜாம் தடவலாமாம். ஜாம் வழிந்து அடியில் பிடிக்கும் என்று நான் சொன்னேன். பிடித்தால் சுரண்டித் தின்னலாம் என்கிறார். முதல் சண்டை போட்டாயிற்று. சந்தோஷமாக இருக்கிறது.

ஆகவே, கலெக்டரம்மா, படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று ஏதாவது எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. காலேஜில் கொடுத்துவிட்டாய் என்றால் கையைக் காலைப் பிடித்துத் திரும்ப வாங்கு. இன்னும் நான்கு மாதம்தான். நாங்கள் இருவரும் சமாளிப்போம். உன் பக்கத் தலையணை காலியாகக் கிடப்பது எனக்குப் பழகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. அது ஒருநாளும் பழகாது.

அவர் பேனாவைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

உன் வருகைக்கு நாள் எண்ணும்
கண்ணாடிக்காரன்

மகளே,

உன் வீட்டுக்காரன் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் எழுதியிருப்பான். நான் தின்றது மூன்றில்லை, நான்கு. ஒன்றை அவன் கவனிக்கவில்லை.

கால் பரவாயில்லை. மாடிப்படியில் நேற்று நான்கு படி ஏறினேன். நீ வந்து பார்ப்பதற்குள் எல்லாப் படியும் ஏறிவிடுவேன். அதனால் அவசரப்பட்டு வராதே, முடித்துவிட்டு வா.

நீ வரும் அன்று நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். மாப்பிள்ளையும் கூட வருவார். உங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நான் இன்னும் பார்த்ததில்லை.

இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

அப்பா