சீரியல் போர்ட்டும் எனக்கு வந்த காய்ச்சலும்

14 ஜூலை 2015, செவ்வாய்

சுரங்கத்துப் பம்புகளுக்காக என் மகன் பாஸ்கர் செய்த கருவியை இன்று காலை அதிகாரியிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் காண்ட்ராக்ட் இவனுக்கு. கிளம்பும் முன் கருவிக்குள் கடைசி புரோகிராமை ஏற்றப் போனான். கருவியின் கேபிளைச் செருகும் சீரியல் போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. பழைய கேபிளுக்கான டிரைவர் புரோகிராமும் புதிய கேபிளின் டிரைவரும் மோதிக்கொள்கின்றன என்றான். இரண்டையும் அழித்து மறுபடி போட்டான். கேபிளை மாற்றி மாற்றிச் செருகினான். பிறகு அதிகாரிக்குப் போன் செய்தான்.

"சார், அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். நாளைக்கு வரட்டுங்களா?"

நான் எதிரே நின்று அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் காரணம் தெரிந்தது. கருவியைச் சோதிக்க நேற்றுத் திறந்த இன்னொரு புரோகிராமை அவன் மூடவேயில்லை. அதுதான் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. மூடியதும் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"இப்ப கூப்பிட்டுச் சொல்லேன்" என்றேன்.

"காய்ச்சல் அதுக்குள்ள எறங்கிடுச்சுன்னா நம்புவாராம்மா?" என்று சிரித்தான்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக் காய்ச்சல் அடுத்த பிளாக்குக்குத் தெரியாமல் இருக்காது. மாலையில் அதிகாரியின் மனைவியே ஆரஞ்சுப் பழங்களோடு வந்துவிட்டாள்.

"எப்டி இருக்கீங்க ஆன்ட்டி? எங்க வீட்டுக்காரருதான் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாரு."

பாஸ்கர் என் முகத்தையே பார்த்தான்.

"இப்போ தேவலைம்மா" என்றேன். பொய் பேசக் கூடாதென்று கன்னியாஸ்திரிகளிடம் படித்த வாய்.

அவள் என் நெற்றியில் கை வைத்தாள். "இன்னும் சுடுதே ஆன்ட்டி."

அவள் போனதும் பாஸ்கர் ஒரு பழத்தை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினான். நானும் வாங்கித் தின்றேன். சீ.