சிவப்பு நூல் கட்டிய பொட்டலம்

கம்பளை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் சுமனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம். அங்கே லீட்ஸில் நீயும் உன் சைக்கிளும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். பார்சலுக்குள் மாவுருண்டையோடு வருகிற கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் உன் முறைப்பாடுகளுக்குப் பதில். சித்திரை வருஷத்துக்கு அனுப்பிய எள்ளுருண்டை குளிரில் கல்லாகிப் பல்லைப் பதம் பார்த்தது என்றாய், முறுக்கு முதுகுப் பையில் தூளாகி மலை ஏறும் வரைக்கும் அரித்தது என்றாய். கம்பளை வெயிலில் பாகு காய்ச்சி உங்கள் ஊர்க் குளிருக்கு அனுப்பினது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். இந்த முறை கித்துல் கருப்பட்டிப் பாகை முற்ற விடாமல் இறக்கி, பேரீச்சம்பழத்தை மசித்துச் சேர்த்து, வறுத்த பயற்றம் மாவும் இடித்த கச்சான் கடலையும் கொஞ்சம் உப்பும் போட்டுப் பிடித்திருக்கிறேன். இரண்டு நாள் ஃபிரிஜ்ஜில் வைத்துக் கடித்தும் பார்த்தேன், என் கட்டுப்பல்லே தாங்கிவிட்டது, உனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கை ஹேண்டிலில் இருக்க மற்றக் கையால் எடுத்து ஒரே வாயில் போடுகிற மாதிரி நெல்லிக்காய் அளவில்தான் உருட்டினேன். ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் வைத்து டொபி மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கியிருக்கிறேன். கையுறை போட்ட கையால் பிரிக்க வருமா என்று சந்தேகம் வந்தது, அப்பா சப்பாத்துக்குள் காலில் போடுகிற மேஸ் இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா பார்சல் கடை முனாஸ் வந்து வாசலில் நிற்க வேண்டும், "என்ன டீச்சர், மேஸ கையில போட்டிருக்கீங்க, சுகமில்லயா?" என்று கேட்டுவிட்டார். இந்த நேரம் அது கம்பளை டவுன் முழுக்கப் போயிருக்கும். எல்லாம் உன்னால்தான்.

அப்பா வழக்கம் போலத்தான். முப்பது வருஷம் புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு பஸ் ஓட்டின மனுஷன் இல்லையா, "அந்த ஏத்தத்துல பஸ்ஸே மூச்சு வாங்கும், இவன் என்னடான்னா சம்பளத்தப் போட்டு சைக்கிள் வாங்கி ஏத்தத்தத் தேடிப் போறான், அந்த ஊர்ல பஸ் இல்லையாமா?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்கிறார். ஆனால் நீ அனுப்புகிற படங்களை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போய்ப் பழைய கூட்டாளிகளுக்குக் காட்டாமல் சோறு இறங்காது. நான் படத்தில் மலையைப் பார்க்கிறதில்லை, உன் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். ஒரு படத்திலும் ஆள் இல்லை. இருநூறு கிலோமீட்டர் தனியாகப் போகிறாய், எங்கேயாவது ஒரு வளைவில் விழுந்தால் தூக்கிவிட யார் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீ அந்தச் சைக்கிளை எந்த மாதம் வாங்கினாய் என்று எனக்கு மறக்கவில்லை, கலியாண அழைப்பிதழ் எல்லாம் அடித்த பிறகு அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்ன அதே மாதம். போன வருஷம் நான் வேறு இடம் பார்க்கவா என்று கேட்டதற்கு நீ இரண்டு மாதம் போனே எடுக்கவில்லை. இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். இன்று வரைக்கும் காப்பாற்றி வருகிறேன், இந்தக் கடிதத்திலும் காப்பாற்றுவேன், பயப்படாமல் படி.

இனி மாவுருண்டை விஷயம். சித்திரைக்கு இரண்டு டின் செய்தேன். சிவப்பு மூடி டின் உனக்கு, கருப்பட்டி தாராளம், சுக்கு வாசமே கிடையாது. நீல மூடி டின் அப்பாவுக்கு, அவருக்குச் சீனி வருத்தம் என்பதால் இனிப்பைக் குறைத்து, சுக்கும் மிளகும் கண்ணில் தண்ணி வர இடித்துப் போட்டது. பார்சல் கட்டும் வேலையை அவரிடம் விட்டேன் பார், அதுதான் நான் செய்த மடத்தனம். போன மாதம் கிளினிக்கில் சீனி ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது என்றார்கள், தாதி என்ன சாப்பிட்டீங்க என்று கேட்க, "எங்க வீட்டம்மா குடுக்கிறதத் தவிர வேற ஒன்னும் தொடுறதில்ல" என்று பச்சைப் பிள்ளை மாதிரிச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தால் சிவப்பு மூடி டின், அடியில் நாலே நாலு உருண்டை. மாறிப் போனது தெரியாதாம். மூன்று கிழமை கருப்பட்டியைத் தின்ற நாக்குக்குத் தெரியாதாம். இப்போது கொய்யா இலைத் தண்ணி குடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கிறார், சீனியும் இறங்கிவிட்டது, நீ கவலைப்படாதே.

எனக்குக் கவலை உன்னைப் பற்றித்தான் வந்தது. சுக்கு டின் உனக்கல்லவா வந்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்தால்கூட இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணியை நான் அந்தப் பக்கம் திரும்பியதும் யன்னலால் ஊற்றுகிற ஆள் நீ. டின்னோடு தூக்கிப் போட்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உன் மெசேஜைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எள்ளுருண்டையையும் முறுக்கையும் திட்டிவிட்டு, கடைசியில் ஒரு வரி, "அந்தக் காரமான உருண்டை சூப்பர், அடுத்த தடவை அது மட்டும் கூடப் போடுங்க" என்று. அப்பாவிடம் காட்டினேன், "வயசு போகப் போக நாக்கு மாறும், நீ ஒன்னும் எழுதாத" என்றார். முப்பத்துமூன்று வருஷம் மாறாத நாக்கு ஒரு சித்திரைக்குள் மாறுமா? மாறினால் சந்தோஷம், நானும் வாயைத் திறக்கவில்லை.

பார்சலில் அந்தச் சிவப்பு மூடி டின்னுக்குள் இரண்டு பொட்டலம் இருக்கும். வெள்ளை நூல் கட்டினது உனக்கு, சுக்கு துளியும் இல்லை. சிவப்பு நூல் கட்டினதில் சுக்கும் மிளகும் முன்னையைவிடக் கூட, அதில் நீ கை வைக்காதே. உன் பொட்டலத்தில் உன் பேரை எழுதிவிட்டேன், மற்றதில் இடம் விட்டிருக்கிறேன். யாராக இருந்தாலும் சரி, எந்த ஊர், எந்தப் பாஷை என்று நான் கேட்கப் போவதில்லை. சத்தியம் சத்தியம்தான். ஆனால் உனக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் வருகிறது என்று நினைத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை மகனே, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இறக்கத்தில் மெதுவாகப் போ, பசி வருவதற்கு முன்பே சாப்பிடு. காலுக்குத் தைலம் வைத்திருக்கிறேன், தேய்த்துக்கொள். ஆயுசும் சுகமும் தந்து அந்த முருகன் உன்னை வழி நெடுகப் பார்த்துக்கொள்வான். டின்கள் இரண்டையும் தூக்கி எறியாதே, ஊருக்கு வரும்போது கொண்டு வா. நீல மூடி டின்னை, காலி செய்தவர் கையிலேயே கொடுத்துக் கூட்டி வந்தாலும் எனக்குச் சம்மதம்.

என்றும் உன்மேல் உயிரான
அம்மா