லூசிலின் மேப்பிள்

மே 10
நேற்று அன்னையர் தினம். எங்கள் தெருவில் வழக்கம்போல ஒவ்வொரு மரத்தடியிலும், வேர் காயாமலிருக்கப் போடும் புதிய மரப்பட்டைத் தூள். என் கணவர் ஆர்வில் வண்டி நிறைய மூட்டை வாங்கிவந்து, கொல்லையிலிருக்கும் மேப்பிள் மரத்தின் அடியில் எரிமலை மாதிரி குவித்து, கையாலேயே தட்டிக்கொடுத்தார். அவருடைய முதல் மனைவி லூசில் நட்ட மரம். அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. உயிரோடிருக்கும் என் பிறந்தநாள் அவருக்கு நினைவில் இருப்பதில்லை.

ஆகஸ்ட் 19
இலையுதிர் காலம் வருமுன்பே மேப்பிளின் இலையெல்லாம் சிவந்துவிட்டது. ஆர்விலுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். "மத்த மரமெல்லாம் அக்டோபர்லதான். லூசில் மரம் முந்திக்கும்." ஆமாம், அவள் எல்லாவற்றிலும் முந்திக்கொண்டவள்தான்.

ஆகஸ்ட் 22
ஆர்வில் தேவாலயத்துக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ஹார்லன், தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், வேலிக்கு மேல் எட்டிப்பார்த்தார். "டோரீன், இப்பவே சிவந்தா அது அழகில்ல, நோவு. வருஷா வருஷம் தூளைக் குவிச்சதுல வேர் மேலே ஏறி, மரத்தையே சுத்தி இறுக்குது. விட்டா ரெண்டு மூணு வருஷம்தான். ஆர்வில்கிட்ட சொல்லட்டுமா?"
"நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.
சொல்லவில்லை.

செப்டம்பர் 2
இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? கோடாலியைத் தொட்டேனா? சக்களத்தி மரத்தை அவரே கொஞ்சிக் கொஞ்சிக் கொல்கிறார். நான் ஏன் குறுக்கே விழ வேண்டும்?

செப்டம்பர் 3
தூக்கமில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 14
ஊரெல்லாம் சிவப்பு. எங்கள் மேப்பிள் மொட்டை. ஆர்வில் ஜன்னலருகே சாப்பிட உட்கார்ந்தவர் வெளியே பார்த்து, "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்றார். என்னிடம் இல்லை — மரத்திடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
"குறையே வைக்கல. அதான் வினை. கொட்டிக் கொட்டி அதோட கழுத்தை நெரிச்சிட்டீங்க." ஹார்லன் சொன்னது அத்தனையும் சொன்னேன்.
"எப்ப சொன்னான்?"
"ஆகஸ்ட்ல."
அவர் என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நவம்பர் 20
பனி கொட்டிவிட்டது. துளிர் விடுவதற்கு முன்னால் தோண்டி, இறுக்கும் வேரை வெட்டிப் பார்க்கலாம் என்கிறார் ஹார்லன். இந்த மின்னசோட்டாக் குளிரில் அதற்கு வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். ஆர்வில் என்னோடு பேசாமல் இல்லை. உப்பை எடு. கதவைச் சாத்து. இருக்கச் சொல்வாரா, போகச் சொல்வாரா?

ஏப்ரல் 6
மண் இளகிவிட்டது. தோண்டினோம். மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர், அடிமரத்தில் புதைந்து கிடந்தது. ஆர்வில் உளியை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "அவ நட்டது. நான் எப்படி டோரீன்..."
"இப்படிக் கொடுங்க" என்று வாங்கினேன். இவளுக்கு வைத்தியம் பார்க்கவா நான் வாழ்க்கைப்பட்டேன்? பார்த்தேன். மரத்தில் கீறல் படாமல் வேரை மட்டும் எடுத்தேன். ஆர்வில் பக்கத்தில் மண்டியிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மே 30
ஒரு கிளை போக, மற்றதெல்லாம் துளிர்த்துவிட்டது. இனி அடியில் ஒரு பிடி தூள்கூடப் போடக் கூடாது என்பது ஹார்லன் உத்தரவு. ஆர்விலுக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கொல்லையில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். முதுகுக்கு ஒரு தலையணை. காலடியில் இன்னொன்று. மடியில் போர்வை. அதன்மேல் அவருடைய கம்பளிச் சட்டை. நல்ல வெயில்.
"குளிருதா டோரீன்? இன்னொண்ணு கொண்டுவரட்டுமா?"
வியர்த்து ஊற்றியது. கொண்டுவாங்க என்றேன்.